கேட் திறந்தது, கொழுந்தும் வந்தது

நம் நாட்டில் ஏது வசந்த காலம் என்று கேட்பீர்கள். பால்மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும். பாலும் குறையும், கையில் கிடைக்கும் கூலியும் குறையும். பிறகு ஒரு நாள் பார்த்தால் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருக்கும்.

நான் முப்பது ஆண்டுகள் மரம் சீவியவள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். வேலிக்கு அப்பால் பழைய ரப்பர்த் தோட்டம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் எங்கள் கேட்டைப் பூட்டினார்கள். பிள்ளைகள் வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்துக் கட்டில் அக்காள் 2021இல் கண்மூடினார். கூடப் போய் வழியனுப்ப எங்களால் முடியவில்லை.

2022 ஏப்ரல் 1இல் நாட்டின் எல்லைகள் திறந்தன. அந்த வாரமே சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகன் வந்தான். முகக்கவரியோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவன் கையைப் பிடித்தேன். எதிரே கொழுந்தெல்லாம் முற்றிப் பச்சை பிடித்துக்கொண்டிருந்தது.

வாசகர்களே, இலை உதிர்ந்த மரத்தைப் பட்டுப்போனது என்று தோட்டத்தில் யாரும் தள்ளிவிடுவதில்லை. வயதானவர்களும் அப்படித்தான். உங்கள் ஊரில் முதியோர் இல்லம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் குணமான பிறகு போங்கள். பலகாரம் வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும்.