துவர்ப்பு கனியும் காலம்

பாக்கை மெல்லும்போது நாவையும் ஈறையும் இறுக்கிப் பிடிக்கும் சுவைக்குத் துவர்ப்பு என்று பெயர். அறுசுவைகளுள் இதனை விரும்பிக் கேட்பவர் குறைவு. இதன் அருமையை நான் உணர்ந்தது என் அறுபத்தைந்தாம் வயதில், இத்தாலி நாட்டுத் திராட்சைத் தோட்டம் ஒன்றில், மதுக் கிண்ணங்கள் வரிசையாக வைக்கப்பட்ட மேசையின் முன்னே என்றால், என்னை அறிந்தவர்கள் வியப்படைவார்கள்.

நான் மது அருந்துபவன் அல்லன். தோட்டப்புறத்தில் பிறந்தவன். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் தந்தையைத் தேடி நின்ற பிள்ளைகளுள் நானும் ஒருவன். பின்னாளில் ஆசிரியனாகித் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை முப்பது ஆண்டுகள் நடத்தினேன். அந்த அதிகாரத்தின்மீது எனக்கிருந்த பற்று ஏட்டினால் மட்டும் வந்ததன்று.

2018ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தூரின் நகரில் பொறியாளனாகப் பணியாற்றும் என் பழைய மாணவன் ஒருவனின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் அவன், “ஐயா, நீங்கள் குடிக்க வேண்டா. நாவில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிடலாம். சுவை ஆய்வோர் அப்படித்தான் செய்வார்கள். ஒரே தோட்டத்தின் ஐந்து ஆண்டுகளை ஒரே மேசையில் காணும் வாய்ப்பு மறுபடி கிடைக்காது” என்றான். அவன் ஆர்வத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

தூரினுக்குத் தெற்கே லாங்கே குன்றுகள் அலையலையாய்க் கிடக்கின்றன. சரிவுகள் எங்கும் திராட்சைக் கொடிகள். 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் சென்ற காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்திருந்தது. மூடுபனியை இத்தாலியர் ‘நெபியா’ என்பர். அங்கு விளையும் ‘நெபியோலோ’ என்னும் திராட்சையின் பெயர் அதிலிருந்து பிறந்தது என்று சொல்வாரும் உண்டு. இக்கொடி மற்றவற்றுக்கு முன்னரே துளிர்க்கும். மற்றவற்றுக்குப் பின்னரே கனியும். பதினொரு சிற்றூர்களின் எல்லைக்குள் விளையும் இந்தத் திராட்சை ஒன்றை மட்டுமே கொண்டு ஆக்கப்படுவது ‘பரோலோ’ என்னும் சிவப்பு மது. அறுவடைக்குப்பின் 38 மாதங்கள் கழியும்வரை அதனை விற்கக்கூடாது. அவற்றுள் 18 மாதங்கள் அது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது சட்டம். காலையில் இறக்கி மாலைக்குள் புளித்துவிடும் எங்கள் தோட்டத்துக் கள்ளுக்குப் பொழுது உண்டு, ஆண்டு இல்லை. இதற்கோ ஆண்டுதான் முகவரி.

செர்ரலுங்கா என்னும் சிற்றூரில் ஒரு முதிய தோட்டக்காரர் எங்களை வரவேற்றார். அவர் இத்தாலிய மொழியில் கூறியவற்றை என் மாணவன் தமிழில் சொன்னான். மேசைமேல் 2010, 2003, 2001, 2000, 1996 ஆகிய ஆண்டுகளின் புட்டிகள் நின்றன. “2002 எங்கே?” என்று கேட்டேன். “அவ்வாண்டு மழையும் குளிரும் வாட்டின, செப்டம்பரில் ஆலங்கட்டி மழை கொட்டியது. நான் பரோலோ ஆக்கவில்லை” என்றார் பெரியவர். அவ்வாண்டு பலர் அவ்வாறே கைவிட்டனர். ஆனால் கோன்டெர்னோ குடும்பத்தார் மட்டும் அதே 2002இல் ஆக்கிய ‘மோன்ஃபோர்த்தினோ’ என்னும் பரோலோவைப் பல்லாண்டு பொறுத்து வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றனர் என்று என் மாணவன் சொன்னான். பெரியவர் தலையசைத்துச் சிரித்தார்.

முதலில் 2010. நெடிய, குளிர்ந்த பருவத்தில் மெல்லக் கனிந்த ஆண்டு அது. கிண்ணத்தை அருகில் கொணர்ந்ததும் ரோசா மணம் எழுந்தது. நாவில் வைத்த மறுகணமே வாய் முழுதும் இறுகியது. நான் முகஞ்சுளித்ததைக் கண்ட பெரியவர், “இன்னும் பத்தாண்டு வேண்டும்” என்றார். அடுத்தது 2003. ஐரோப்பாவையே வெந்தழல் வாட்டிய கோடையின் விளைச்சல். உலர்ந்த பழத்தின் மணம், துவர்ப்பும் வறண்டிருந்தது. “இதற்கு வயது உதவாது” என்று அவரே ஒப்புக்கொண்டார்.

2001 எல்லாவகையிலும் நிறைவாக இருந்தது. அடுத்த புட்டிக்கு ஒரு கதை உண்டு. அப்பகுதியின் 2000ஆம் ஆண்டு விளைச்சலுக்கு, அது இளமையாக இருந்தபோதே, அமெரிக்க மது இதழ் ஒன்று நூற்றுக்கு நூறு மதிப்பெண் வழங்கியது. மென்மையும் இனிமையும் முதல் நாளிலேயே நிறைந்திருந்த மது அது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் நான் சுவைத்தபோதும் இனிமை இருந்தது. ஆயினும் விரைவில் மறைந்தது. இன்று சுவை அறிந்தோர் பலர் 2001ஐயும் 1996ஐயும் அதற்கு மேலாக வைக்கின்றனர்.

கடைசியாக 1996. இளமையில் கடுமையும் புளிப்பும் மிகுந்து, எளிதில் நெருங்கவிடாத ஆண்டு என்று பெயர் பெற்றது. அன்று அதன் நிறம் விளிம்பில் செங்கல் நிறமாக மாறியிருந்தது. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள், ஆண்டுகள் செல்லச்செல்ல ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாய்ப் படிந்துவிடுகின்றன. எஞ்சிய துவர்ப்பு நாவைக் கடிப்பதில்லை, தழுவுகிறது. வாடிய ரோசாவும், மழையில் நனைந்த சருகும், பழைய நூலின் தோலட்டையும் சேர்ந்தாற்போன்ற ஒரு மணம். உமிழ்ந்த பின்னும் அது நெடுநேரம் அகலவில்லை.

அப்போது என் மாணவன் சொன்னான்: “ஐயா, பல நாள் வைத்துப் பக்குவமான தேறலின் கடுமையை ஔவையார் தேள் கொட்டுவதற்கு ஒப்பிடுகிறார், புறநானூறு 392. ஆனால் இந்த மதுவின் கொடுக்கைக் காலமே பிடுங்கிவிட்டது.”

என் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது. 1994ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. நான்காம் படிவத்தில் இருந்த இதே பையன், தேர்வில் தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுக்க விரும்பி என் முன்னே நின்றான். அவன் பெற்றிருந்த 42 மதிப்பெண்ணைப் பார்த்தேன். “உனக்கு இலக்கியம் வராது. அறிவியலில் கவனம் செலுத்து” என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

“புறநானூற்றை எங்கே படித்தாய்?” என்று தயங்கிக் கேட்டேன்.

“இங்கே வந்த பிறகு நானே படித்தேன், ஐயா. குளிர்காலத்தில் இரவு நீளம் அல்லவா?” என்றான். அவன் குரலில் குறை ஏதும் இல்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த அமெரிக்க இதழ் பொய் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டு மது தன் இளமையில் இனியதாகவே இருந்தது. நான் கொடுத்த 42 மதிப்பெண்ணும் பொய்யன்று. அன்றைய விடைத்தாளின் தகுதி அவ்வளவே. எல்லாத் துவர்ப்பும் கனிந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன், 2003 கனியவில்லை. மதிப்பெண் ஒரு நாளின் செய்தி. ‘வராது’ என்று நான் சேர்த்துச் சொன்ன சொல்லோ அவ்வாறானதன்று. எதிர்மறை வினை முக்காலத்திற்கும் பொது என்று இலக்கண வகுப்பில் எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன்! அந்த ஒரு சொல்லால் ஒரு சிறுவனின் மூன்று காலத்தையும் மூடியதை மட்டும் உணராமல் இருந்துவிட்டேன். அவன் மீண்டு வந்தது அவன் திறமை. என் பெருந்தன்மை அன்று. மீண்டு வராதவர்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது.

விடைபெறும்போது பெரியவர், காலியான 1996 புட்டியைத் துடைத்து என் கையில் தந்தார். அது இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. அதன் மேலொட்டில் ஊரின் பெயரும் ஆண்டும் மட்டுமே உள்ளன. மதிப்பெண் எதுவும் இல்லை. ஆசிரிய நண்பர்களே, விடைத்தாளில் மதிப்பெண் இடுங்கள். அது நம் கடமை. ஆனால் அதன் அருகில் அன்றைய தேதியையும் மறவாமல் எழுதுங்கள்.