இரண்டாம் ஜாய்ஸ்டிக்

அம்மா பாட்டும் பிரசங்கமும் கேட்பதற்காக 2018ஆம் ஆண்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு டிவி பெட்டி அது. உள்ளங்கை அகலம், விலை மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அம்மா மறைந்தபின் அதை எவரும் தொடவில்லை. சென்ற கோடையில் தூசி தட்டி இணைத்துப் பார்த்தேன். புதிய செயலிகள் எவையும் அதில் ஓடவில்லை. பழைய சாமான் வாங்குபவரிடம் போட எடுத்துவைத்தபோது என் மகன் தடுத்தான். "இதைப் பழைய வீடியோ கேம் பெட்டியாக மாற்றலாம், அப்பா" என்றான்.

அதனுள் இருப்பது ஆம்லாஜிக் நிறுவனத்தின் எஸ்905டபிள்யூ என்னும் சில்லு. அதற்கேற்ற எமுஎலெக் என்ற இலவச இயங்குதளத்தின் பழைய பதிப்பொன்றைத் தேடி, மெமரி கார்டில் எழுதினோம். பெட்டியின் எந்த உறுப்பு எங்கே இணைந்துள்ளது என்று இயங்குதளத்துக்கு எடுத்துச் சொல்லும் சிறு கோப்பு ஒன்றையும் அதில் வைக்கவேண்டும். பொருந்தாத கோப்பாயின் திரை இருண்டே கிடக்கும். இருமுறை இருண்டது. மூன்றாவது கோப்பை வைத்து, ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும் பொத்தானைப் பல்குத்தும் குச்சியால் அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்தபோது பெட்டி கண் விழித்தது. கார்டை உருவிவிட்டால் அம்மாவின் பழைய பெட்டி அப்படியே திரும்பிவிடும். உள்ளே எதுவும் அழிவதில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். எங்கள் பெட்டியிலோ 1 ஜிகாபைட். ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு. ஆகவேதான் இந்த மலிவுப் பெட்டி, அந்தக் கருவியாகவே வேடமிட்டு அதன் விளையாட்டுகளைச் சிரமமின்றி ஓட்டுகிறது.

1994ஆம் ஆண்டின் கோடையில் அப்பா எங்களுக்கு வாங்கித் தந்தது அந்த ஃபேமிகாமின் போலி. நாங்கள் அதை "டிவி கேம்" என்போம். இரண்டு ஜாய்ஸ்டிக்குகள், மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் அண்ணனுக்கு. நாங்கள் ஆடியது கொனாமியின் கான்ட்ரா. இருவரும் ஒரே திரையில் சேர்ந்து சுட்டு முன்னேறவேண்டும். அதில் ஒரு விதி உண்டு: ஒருவனுடைய உயிர்கள் தீர்ந்துவிட்டால், மற்றவனுடைய கையிருப்பிலிருந்து ஓர் உயிரை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். நான் எப்போதும் முதலில் சாவேன். அண்ணனைக் கேளாமலே எடுத்துக்கொள்வேன். ஒரு நாளும் அவர் கணக்குக் கேட்டதில்லை.

அம்மாவின் மறைவுக்குப்பின் வீட்டைப் பிரிக்கும்போதுதான் கணக்குப் பார்த்தோம். பேச்சு முற்றியது, வக்கீல் வரை போயிற்று. நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கான்ட்ராவின் உரிமை இன்றும் கொனாமியுடையதே. அதன் நகலை இணையத்திலிருந்து எடுத்தது முறையன்று. அன்று எங்கள் கேசட்டும் கள்ள நகல்தான். அன்று அது தெரியாது, இன்று தெரியும். தெரிந்தே எடுத்தேன்.

ஆடத் தொடங்கினேன். குதிக்கச் சொன்னால் என் வீரன் தாமதித்தே குதித்தான், குண்டு முந்திக்கொண்டது. வயதின் தளர்ச்சி என்று எண்ணி வருந்தினேன். அது தொலைக்காட்சியின் குறை என்றான் மகன். படத்தை மெருகேற்றிக் காட்ட அது எடுத்துக்கொள்ளும் நேரமே அந்தத் தாமதமாம். 'கேம் மோட்' என்ற அமைப்பை இட்டதும் விரலும் திரையும் இணங்கின. ஆயினும் முதற்கட்டத்திலேயே மூன்று உயிர்களும் போயின.

முப்பது உயிர்கள் பெற ஒரு இரகசிய வரிசை உண்டே! கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், 1986இல் கிரேடியஸ் என்னும் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தமக்கே அது கடினமாக இருந்ததால் புகுத்திய வரிசை. பிறகு கான்ட்ராவிலும் இடம்பெற்றது. அவர் 2020இல் காலமானார். மேல், மேல், கீழ், கீழ்... அதற்குமேல் எனக்கு நினைவு வரவில்லை.

இணையத்தில் தேடியிருந்தால் ஒரு நொடியில் கிடைத்திருக்கும். மகன் கைப்பேசியை எடுத்தும்விட்டான். "வேண்டாம்" என்றேன். என் கைப்பேசியை எடுத்து, அழிக்காமல் வைத்திருந்த எண்ணை அழைத்தேன். ஐந்தாவது மணியில் எடுத்தார். குரல் எழவில்லை.

"அண்ணே, கான்ட்ராவுக்கு முப்பது உயிர்... கீழ், கீழுக்கு அப்புறம் என்ன?"

நெடுநேரம் மறுமுனையில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இடது, வலது, இடது, வலது, பி, ஏ" என்றார். சற்று நிறுத்தி, "அப்புறம் செலக்ட். அதுக்கப்புறம்தான் ஸ்டார்ட்" என்றார்.

தனியாக ஆடுபவனுக்குச் செலக்ட் தேவையில்லை. இருவர் ஆடுவதாயின் மட்டுமே அதை அழுத்தவேண்டும்.

"ஜாய்ஸ்டிக் ரெண்டு இருக்காடா?" என்று கேட்டார்.

ஒன்றுதான் இருந்தது. "இருக்குண்ணே" என்றேன். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.