கைநழுவிய பந்தும் நடுவரின் கண்ணும்

கையிலிருக்கும் பொருள் கைநழுவிப் போவது வாழ்க்கையில் துயரம். அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலோ அது பெரியதொரு சட்டச் சிக்கல்! பெயர்தான் கால்பந்து, உண்மையில் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. ஓடுபவன் பந்தைத் தவறவிட்டால் அதற்கு ‘ஃபம்பிள்’ என்று பெயர். அந்தப் பந்துக்கு உயிர் உண்டு. எந்த அணியினரும் பாய்ந்து எடுக்கலாம். ஆனால் முன்னோக்கி வீசிய பந்து ஒருவர் கைக்கும் எட்டாமல் தரையில் விழுந்தால் அது செத்த பந்து. அந்த முயற்சி அத்தோடு முடிந்தது. நழுவியதா, வீசியதா? பெயர் மாறினால் பலனே மாறிவிடுகிறது.

எங்கள் துறைகளுக்கிடையே நடக்கும் கபடிப் போட்டிகளில் விசிலோடு நிற்கும் வழக்கம் எனக்கு உண்டு. “வேண்டுமென்றே செய்தான், அண்ணே!” என்ற கூச்சலைக் கேளாத நாளில்லை. செய்ததைக் காண எனக்குக் கண் இருக்கிறது; வேண்டுமென்று செய்தானா என்பதைக் காண எந்தக் கண்ணால் முடியும்? இந்தக் கேள்விதான் கடல் கடந்த அந்த ஆட்டத்தின் விதிகளை என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

1978 செப்டம்பர் 10. சான் டியேகோ நகரில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி 14-20 எனப் பின்தங்கி நிற்கிறது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே உள்ளன. எதிரியின் பிடியில் சிக்கிய கென் ஸ்டேப்ளர் கையிலிருந்து பந்து முன்னோக்கி உருண்டது. தோழர் ஒருவர் அதைத் தட்டிவிட்டார். டேவ் காஸ்பர் காலால் தள்ளிச் சென்று, எல்லைக்கோட்டுக்கு அப்பால் அதன்மேல் விழுந்தார். ரெய்டர்ஸ் 21-20 என வென்றது! வேண்டுமென்றே விட்டிருந்தால் அது வீச்சு. ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். நழுவியிருந்தால் வெற்றி. நடுவர்கள் நழுவியதாகவே கொண்டார்கள். வேண்டுமென்றுதான் விட்டேன் என்று ஸ்டேப்ளரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1979-இல் விதி திருத்தப்பட்டது. நான்காம் முயற்சியிலும், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களிலும், பந்தை நழுவவிட்டவரின் அணியில் அவர் ஒருவரே அதை எடுத்து முன்னேறலாம். முன்னால் உருண்ட பந்தைத் தோழர் எடுத்தால் அது நழுவிய இடத்துக்கே திரும்பும். எத்துணை அழகான தீர்வு! மனத்தை ஆராயவே வேண்டாம். சூழ்ச்சிக்குப் பலன் கிட்டாது, அவ்வளவுதான்.

ஆனால் மனத்தை ஆராயாத விதியெல்லாம் நல்ல விதியாகிவிடுமா? 1999-இல் வேறொரு விதி வந்தது. வீசுவதற்காகக் கை முன்னோக்கி அசைந்துவிட்டால், மனம் மாறிப் பந்தை மார்போடு அணைக்கும் வழியில் அது நழுவினாலும் வீச்சாகவே கொள்ளப்படும் என்றது அது. 2002 ஜனவரி 19 இரவு, கொட்டும் பனியில் நியூ இங்கிலாந்து அணியின் டாம் பிரேடி கையிலிருந்து பந்து நழுவியது. எதிரணி அதைக் கைப்பற்றியது. கண்டவர்களுக்கெல்லாம் அது ஃபம்பிள்தான். நடுவர் வால்ட் கோல்மன் படக்காட்சியை மீண்டும் பார்த்து, விதிப்படி அது வீச்சு என்றார். பிரேடியின் அணி பிழைத்து, கூடுதல் நேரத்தில் 16-13 என வென்றது. தோற்ற அணி எது தெரியுமா? அதே ரெய்டர்ஸ்! அன்று நடுவர் விதியை மீறவில்லை. விதிதான் கண்ணை மீறியது. 2013-இல் அதை நீக்கினார்கள்.

இன்றும் வழக்காடப்படும் விதி ஒன்று உண்டு. முன்னோக்கி நழுவிய பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால், நழுவிய இடத்திலேயே அதே அணிக்குக் கிடைக்கும். எதிரியின் இறுதிப் பகுதிக்குள் புகுந்து வெளியேறினாலோ, பந்து எதிரிக்கே சொந்தம். அதுவும் 20 கஜக் கோட்டில்! ஓரங்குல வேறுபாட்டில் உடைமையே கைமாறுகிறது. கொடுமை என்பார் பலர். எதிரியின் வீட்டு வாசலில் பந்தைக் காக்கத் தெரியாதவனுக்கு அது தக்க விலை என்பார் சிலர். நான் முதல் கட்சி. பிழைக்குத் தண்டனை வேண்டும். ஆனால் அது பிழையின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டாமா?

நண்பர்களே! விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வொரு குழப்பமான வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஏமாந்த மாலைப்பொழுது இருக்கிறது. நடுவரின் கடமை, எழுதியிருப்பதை அஞ்சாமல் சொல்வது. விதி எழுதுவோரின் கடமை, எழுதியது கண்ணுக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாதபோது திருத்துவது. இரண்டையும் ஒருவரே ஆட்டத்தின் நடுவில் செய்யப் புகுந்தால், நழுவுவது பந்து மட்டுமன்று; நம்பிக்கையும்தான்.