மோட்டாருக்குக் காயகல்பம்

மயிலாப்பூர் மாட வீதிகளிலோ, தியாகராய நகரின் உட்தெருக்களிலோ காலை வேளையில் உலாவப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். வீட்டு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் வண்டிகளில் பக்கத்துக் கதவுகள் ஒரு நிறமாகவும், கூரையும் பானெட்டும் வேறொரு நிறமாகவும் இருக்கும். பிறந்தபோது இரண்டும் ஒரே நிறந்தான். தெருவைப் பார்த்த பாகம் ஒருவாறு பிழைத்துக்கொண்டது. ஆகாயத்தைப் பார்த்த பாகம் வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் எவரும் தேவையில்லை. சாக்ஷாத் சூரிய பகவான்தான்!

சென்னைப் பட்டணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஆகையால் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறையும் ஆகஸ்டு மத்தியில் ஒரு முறையும் உச்சிச் சூரியன் நேராக நம் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. பெயிண்டு என்பது நிறப்பொடியும், அதைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசினும் சேர்ந்தது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினின் கட்டை அறுக்கின்றன. அறுந்த இடத்தில் பிராணவாயு புகுந்து மேலும் சிதைக்கிறது. பிசின் போனதும் நிறப்பொடி நாதியற்றுச் சுண்ணாம்புத் தூள் போல் மேலே நிற்கிறது. போதாக்குறைக்கு, அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் கடலின் உப்புக் காற்று வேறு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவினாலோ, உலர்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. வெயிலுக்குப் பயந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒதுங்கினால், மேலே காக்கைகள் காத்திருக்கின்றன. அவற்றின் எச்சமும் பெயிண்டை அரிக்கக் கூடியதே.

நம் வீட்டு வண்டி 1994-ஆம் வருஷத்து மாருதி 800. நல்ல சிவப்பு. நமது தகப்பனார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. 15 வருஷம் கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்பது சட்டம். அந்தப் பரீட்சையில் அது ஒவ்வொரு தடவையும் தேறியிருக்கிறது. ஆனால் தேகம் மட்டும் ரோஜா நிறமாகி, பிறகு அந்த நிறமும் மங்கிவிட்டது. "இதை எப்போது அப்புறப்படுத்தப் போகிறீர்கள்?" என்று குடியிருப்பில் சிலர் விசாரிக்கத் தொடங்கினார்கள். தகப்பனாருக்கு இப்போது எண்பது பிராயம். ஒரு நாள் அவரே, "பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிவிடு. பார்க்கவே வெட்கமாயிருக்கிறது" என்றார். வண்டி ஓடவில்லை என்று சொல்லியிருந்தால் நமக்கு வருத்தமிராது. நன்றாக ஓடுகிற ஒன்றை, தோல் வெளுத்த குற்றத்துக்காக விலக்குவதென்பது மனத்தை என்னவோ செய்தது.

பட்டறை ஒன்றில் விசாரித்தோம். "முழுசா டூக்கோ அடிச்சுடலாம், ஸார்!" என்று அவர்கள் கேட்ட தொகை, வண்டியின் விலையில் பாதிக்கு மேல் இருந்தது. டூக்கோ என்பது 1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி வெளியிட்ட பெயிண்டின் பெயர். நூறு வருஷம் கழித்தும் நம் ஊரில் மோட்டார் பெயிண்டு எல்லாமே டூக்கோதான்! தொகையைக் கேட்டுத் திரும்பி வந்த பிறகு, தன் கையே தனக்கு உதவி என்று தீர்மானித்தோம்.

முதலில் செய்ய வேண்டியது ஒரு பரீக்ஷை. ஈர வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து மறைவான இடத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், மேல் பூச்சிலேயே நிறம் கலந்த பழைய முறைப் பெயிண்டு; பிழைக்க வழியுண்டு. நிறம் ஏறாவிட்டால், நிறத்தின்மீது கண்ணாடி போன்ற கிளியர் கோட் பூசிய புது முறை. அது மங்கியிருந்தால் பாலிஷ் உதவும். தோலுரிந்து செதிலாக எழும்பியிருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. அங்கே மறுபூச்சுத்தான் கதி. நம் துணியோ குங்குமத்தில் தோய்த்தது போல் சிவந்தது. நமக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்த இடத்தில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. நிறத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லுகிறோமே தவிர, உண்மையில் எதையும் நாம் சேர்ப்பதில்லை. செத்துப்போன மேல் அடுக்கை நீக்குகிறோம். அதன் அடியில் வெயில் படாத சிவப்பு காத்துக்கொண்டிருக்கிறது. சிலர் தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவிப் பளபளப்பைக் காட்டுவார்கள். நனைந்த அம்மிக்கல் கறுப்பாகத் தெரிவதில்லையா? அதே வித்தைதான். அடுத்த தடவை கழுவியதும் சாயம் வெளுத்துவிடும்.

வேலை செய்யும் முறை எளிது. பொறுமைதான் விலை அதிகம். அதிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, நிழலில் தொடங்க வேண்டும். ஒரு துகள் மணல் மிஞ்சினாலும் கீறிவிடும். ஆகவே நன்றாகக் கழுவித் துடைப்பது அவசியம். பழைய வேஷ்டித் துண்டு போதும். ஆனால் கரையைக் கிழித்தெறிந்துவிட வேண்டும். ஜரிகை பெயிண்டுக்குச் சத்துரு. இருப்பதிலேயே மென்மையான பாலிஷை முதலில், ஒரு சதுர அடியில் மட்டும், அழுத்தாமல் தேய்த்துப் பார்க்க வேண்டும். அது போதவில்லையென்றால்தான் ரப்பிங் காம்பவுண்டு. மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெல்லியது. அங்கே கைக்கு அடக்கம் வேண்டும். கடைசியில் மெழுகு. பிரேசில் தேசத்துக் கர்னோபா என்னும் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது இதற்குப் பெயர் போனது. பானெட்டுக்கு மட்டும் நமக்கு இரண்டு காலைகள் ஆயின.

இரண்டாம் நாள் தகப்பனார் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டுவிடாதேடா!" என்று எச்சரிக்கை வேறு. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. தலைமயிர் ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். இக்காலத்து வண்டிகளில் கிளியர் கோட்டின் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான். அதாவது ஒரு மயிரிழை கூட இல்லை! பழைய பூச்சும் அளவுக்கு உட்பட்டதே. ஒவ்வொரு பாலிஷும் அந்த முதலிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிப்பதாகும். பளபளப்பு மோகத்தில் மாதந்தோறும் தேய்க்கிறவர், வட்டியென்று எண்ணி முதலைத் தின்கிறார். வருஷக்கணக்கில் ஒரு முறை தேய்த்து, மூன்று நான்கு மாதத்துக்கொரு தடவை மெழுகிட்டு, மற்ற நாளெல்லாம் நிழலில் நிறுத்துவதே குடித்தனக்காரர்களின் வழி.

கூரையில் இரண்டு இடங்களில் பூச்சு முன்னமே தேய்ந்து அடிப் பூச்சு தெரிகிறது. அவற்றை அப்படியே விட்டுவிட்டோம். முப்பது வருஷ வெயிலுக்கு ஏதாவது சாட்சி வேண்டாமா? மற்ற இடமெல்லாம் சிவப்பு. பழைய இரும்புக்காரரைப் பற்றித் தகப்பனார் அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கபாலீசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும், வண்டியைத் துடைத்து வை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.