பின்சக்கரத்துப் பற்கள்

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிறவர்கள்கூட இவ்வளவு யோசிப்பார்களா என்பது சந்தேகம். ஒற்றைக் கியர் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு எத்தனை பல் என்ற கேள்வியில் எனக்குச் சென்ற மாதம் முழுவதும் கழிந்துவிட்டது. கியர் வண்டிக்காரனுக்கு இந்தக் கவலை இல்லை. மேடு வந்தால் மாற்றிக்கொள்வான். ஒற்றைப் பல்சக்கரத்தோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எதை மாட்டினானோ, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எதிர்காற்றுக்கும் அதுதான்.

கணக்கு எனக்காக அல்ல. நெருப்பெரிச்சலில் இருக்கும் என் அண்ணன் மகளுக்காக. திருப்பூருக்கு வடக்கே இருக்கிற அந்த ஊர் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அங்குள்ள இட்டேரிகள் மட்டும் இன்னும் மனமொப்பிச் சேரவில்லை. கிளுவை வேலிகளுக்கு நடுவே ஆடுமாடுகளுக்கென்று விட்ட தடங்கள் அவை. சில தார் போர்த்திக்கொண்டன. மற்றவை மழைக்குச் செம்மண் சேறாகவும் வெயிலுக்குச் சீமைக் கருவேல முள்ளாகவும் கிடக்கின்றன.

அவள் பனியன் கம்பெனியில் டெய்லர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இதுநாள் வரை கம்பெனி வேனில்தான் போய்வந்தாள். வேன் என்பது பெரிய வசதிதான். ஆனால் ஒன்றரை ஷிப்டு ஓடுகிற நாளில் வேன் புறப்படுகிறபோதுதான் தானும் புறப்பட முடியும். உடம்பு சரியில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் வேன் காத்துக்கொண்டிராது, முன்னதாகவும் கிளம்பாது. இப்போது ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு கம்பெனியில் பீஸ் ரேட் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்களாம். அங்கே வேன் கிடையாது. பஸ் பாதையும் அந்தப் பக்கம் இல்லை. ஸ்கூட்டருக்குத் தவணை கட்டினால் கூடுதல் ரேட்டு அதிலேயே போய்விடும். ஆகவே ஒரு சைக்கிள் சரியாக அமைந்தால் வேலை மாறலாம். அமையாவிட்டால் பழைய வேன்தான். பல் எண்ணுவதில் நான் இத்தனை அக்கறை காட்டியதற்கு அதுதான் காரணம்.

கடையில் அவள் பார்த்து வைத்திருந்தது 26 அங்குலச் சக்கரமும் தண்டி டயரும் உள்ள, ‘மலை சைக்கிள்’ என்று பெயர் சூட்டப்பட்ட வண்டி. பக்கத்திலேயே 21 கியர் வைத்த வண்டியும் நின்றது. அதை வேண்டாம் என்று நான் சொன்னதில் சிக்கனம் பாதிதான். மலிவான கியர் வண்டியின் பின்கை ஒருமுறை கல்லில் மோதி வளைந்தால் அப்புறம் செயின் தன்னிஷ்டப்படி தாவும். இட்டேரிப் புழுதியில் அதைத் துடைத்து வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

‘மலை சைக்கிளுக்கு ஒற்றைக் கியரா?’ என்று சிரிக்க வேண்டாம். அந்த ஜாதியே ஒற்றைக் கியரில் பிறந்ததுதான். கலிபோர்னியாவில் டமால்பயஸ் என்றொரு மலை. (பெயரிலேயே விழுகிற ஓசை கேட்கிறது.) அதன் பக்கத்து மண்சரிவு ஒன்றில் 1976-ல் சில இளைஞர்கள் பழைய தண்டி டயர்ச் சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். சரிவில் இறங்கி முடிவதற்குள் ஹப்பிலுள்ள கிரீஸ் வெந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தச் சரிவுக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. மேலே ஏறுவதற்கு அவர்கள் தள்ளிக்கொண்டோ வண்டியில் ஏற்றிக்கொண்டோ போனார்கள். ஷிப்டு முடித்து வருகிறவளுக்கு அந்த யோகம் இல்லை.

அந்த வண்டியில் எண்ணிப் பார்த்தேன். முன்னே 44 பல், பின்னே பிரீவீலில் 18. சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. ஆக, பெடல் ஒருமுறை சுற்றினால் ஐந்து மீட்டர். பின்னே 22 பல் போட்டால் நான்கு மீட்டர் சொச்சம். நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் முன்னதில் ஆறு கிலோமீட்டர் 20 நிமிஷம், பின்னதில் 24 நிமிஷம். நஷ்டம் நான்கு நிமிஷம். லாபம், மேட்டில் காலுக்கு விழும் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெளிநாட்டில் 26 அங்குலச் சக்கரத்தில் ஒற்றைக் கியரோடு மலையேறுகிறவர்களும் பெரும்பாலும் முன்னே 32, பின்னே 16 என்று இரட்டை விகிதத்தில்தான் தொடங்குகிறார்கள். 44-க்கு 22 என்பதும் அதே விகிதந்தானே!

சைக்கிள் கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை.

“பதினாறு போட்டா வண்டி பறக்குமுங்க. இருபத்திரண்டு போட்டா சும்மா காத்தாடி மாதிரி காலு சுத்துமுங்க” என்றார்.

ஆண்கள் பலருக்கு இந்த வீராப்பு உண்டு. பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தை 1903-ல் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்சுக்கும் இருந்தது. கியரெல்லாம் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு என்பது அவர் கட்சி. 1937 வரை அந்தப் பந்தயத்தில் செயின் தாவும் கியருக்கு இடமில்லை. எனக்கு அந்த வயதாக இன்னும் ஓராண்டு பாக்கி இருப்பதால் நான் பேசாமல் இருந்தேன். அவள்தான் பதில் சொன்னாள்:

“காலையில போற காலு வேறைங்கண்ணா, பொழுதோட திரும்பி வர்ற காலு வேறைங்க. நீங்க வர்ற காலுக்குப் போட்டுக் குடுங்க.”

அதற்குமேல் அவர் விவாதிக்கவில்லை.

பின்னே நான்கு பல் கூடினால் செயினும் ஓர் அங்குலம்போல நீள வேண்டும். பழைய செயினில் துண்டு சேர்க்கலாம் என்றார்; புதிதாகவே போடச் சொன்னேன். தேய்ந்த செயினைப் புதுப் பிரீவீலில் மாட்டினால் அதன் பற்களையும் சீக்கிரமே தேய்த்துவிடும். செயின் தேய்ந்ததா என்று பார்க்கவும் வித்தை வேண்டாம். ஒரு முளைக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம். இருபத்து நான்கு கண்ணி சரியாக ஓர் அடி. அந்த ஓர் அடியில் அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் கழற்றி எறிய வேண்டியதுதான். டெய்லர்தானே, அவளிடம் அளவு நாடா எப்போதும் இருக்கிறது.

சீட்டு விஷயத்தில்தான் சண்டை. உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்றாள். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை பல் மாற்றியும் முழங்கால் நோகும் என்றேன். கடைசியில் இரண்டு விரல்கடை உயர்த்தினோம்; மாதம் ஒரு விரல்கடை ஏற்றுவதாக உடன்படிக்கை. தண்டி டயர் வண்டிகளுக்குச் செயின் முழுவதையும் மூடும் கவர் வருவதில்லை. சுடிதார் ஷால் ஒருமுறை செயினில் சிக்கினால் போதும். கடைக்காரர் பழைய வண்டியொன்றின் கவரை வெட்டி, தட்டி, இரண்டு கிளிப் வைத்துப் பொருத்திக் கொடுத்தார். வீராப்புக்காரராயினும் கை சுத்தம்.

கையிலிருந்த மசியைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டே, கழற்றிய 18 பல் பிரீவீலுக்கு ஐம்பது ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்.

“வேண்டாமுங்க” என்று அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். “பையன் பெரியவனானா அவனுக்கு ஆகுமுங்க, சித்தப்பா.”

முதல் தேதியிலிருந்து புதுக் கம்பெனிக்குப் போகிறாள். கேட்டால், இருபத்தாறு நிமிஷம் ஆகிறது என்கிறாள்.