‘நான் கடவுள்’: உடலும் ஒப்பனையும்

பாலாவின் ‘நான் கடவுள்’ 2009 பிப்ரவரியில் வெளிவந்தபோது நான் கும்பகோணத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். தியேட்டர் நிறைந்த கூட்டத்தில் பார்த்த படம். இப்போது மீன்சுருட்டியில், வங்கிக் கணக்கை முடித்துவிட்டு வந்து, அறையில் தனியாக மறுபடியும் பார்த்தேன். அன்று கூட்டத்தின் சிரிப்பு காதை அடைத்துக்கொண்டிருந்தது. தனியாகப் பார்க்கும்போது அந்தச் சிரிப்பு இருந்த இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அந்தக் காலி இடங்கள்தான் என்னைத் தொந்தரவு செய்கின்றன.

கதை தெரிந்ததுதான். ஜோஸ்யத்துக்குப் பயந்து காசியில் விடப்பட்ட பையன் அகோரியாக ஊர் திரும்புகிறான். மலைக்கோயிலில் தாண்டவன் என்பவன் ஊனமுற்றவர்களை வைத்துப் பிச்சைத் தொழில் நடத்துகிறான். அங்கே வந்து சிக்குகிறாள் பார்வையற்ற பாடகி அம்சவல்லி. தியேட்டரில் எழுந்த சிரிப்பு இரண்டு வகை. பிச்சைக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட கிண்டலுக்கு எழுந்தது ஒன்று. அதில் அவர்களும் கூட இருந்து சிரித்தார்கள். அவர்கள் உடம்பைக் கண்ட மாத்திரத்தில் எழுந்தது இன்னொன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளைப் பிரித்தபோது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கிலிருந்து இளிவரல் பிறக்கிறது என்றார். நகைக்குச் சொன்ன நான்கில் முதலாவது எள்ளல். அன்று தியேட்டரில் பிணியைக் காட்டினார்கள், எள்ளல் எழுந்தது. இதற்கு டைரக்டர் எவ்வளவு பொறுப்பு, கூட்டம் எவ்வளவு பொறுப்பு என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. கூட்டத்தின் தலையில் முழுவதையும் கட்டிவிடுவது நம் சிறுபத்திரிகைக்காரர்களின் பழைய சௌகரியம்.

படத்தின் பிச்சைக்காரப் பகுதிக்கு ஆதாரம் ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003). வசனமும் அவரே. நாவலில் பண்டாரம் இவர்களை ‘உருப்படி’ என்றுதான் சொல்கிறான். வீட்டில் பெண்கள்மேல் உயிரை வைத்திருக்கிற தகப்பன்; இந்தத் தொழிலையும் செய்கிறான். படிக்கிற எனக்குக் குடல் புரண்டது உண்டு. ஆனால் முத்தம்மையின் உடலை என் மனதில் உண்டாக்கியது நானேதான். சொல்லைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை, சொல்லுக்கு வலிக்காது. சினிமாவில் அப்படி இல்லை. ஒரு மனிதர் காலையில் கிளம்பி வரவேண்டும். தரையில் உட்காரவேண்டும். லைட் சரியாகும்வரை வெயிலில் காத்திருக்கவேண்டும். திரையில் நாம் பார்த்த பலர் ஊனத்தை நடித்தவர்கள் அல்லர், ஊனத்தோடு வாழ்பவர்கள். ஹாலிவுட்டில் டாட் பிரௌனிங் 1932-ல் ‘ஃப்ரீக்ஸ்’ எடுத்தபோதும் காட்சிக்கூடாரங்களில் பிழைத்த அசல் மனிதர்களையே நடிக்கவைத்தார். பிரிட்டன் அந்தப் படத்தை முப்பது வருஷம் தடை செய்து வைத்திருந்தது. தடை செய்தவர்களின் கவலை பார்ப்பவனைப் பற்றியது. நடித்தவனைப் பற்றி ஸென்ஸார்கள் எங்கேயும் அதிகம் யோசிப்பதில்லை.

இதை யோசிக்க எனக்கு உதவியது விமர்சன நூல் எதுவும் இல்லை. வங்கி விதி. கை விரல்கள் இல்லாதவர் பணம் எடுக்க வந்தால் கால் பெருவிரல் ரேகை வாங்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அதிகாரியாக இருக்கவேண்டும். எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வருவார். நோயில் விரல்கள் போனவர். நான் சலானையும் இங்க் பேடையும் எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றி வந்து தரையில் உட்காரவேண்டும். முதல் தடவை, “சாமி காலத் தொடறாப்புல தொடுறியே தம்பி” என்று சிரித்தார். “பேசாம இருங்கய்யா, ரேகை கலைஞ்சுடும்” என்றேன். எடுப்பது முதியோர் பென்ஷனிலிருந்து ஐநூறோ ஆயிரமோ. அதற்கே அவர் உடம்பின் சம்மதத்தை இரண்டு பேர் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது.

இனி அந்த முடிவு. தாண்டவனால் முகம் சிதைக்கப்பட்ட அம்சவல்லி சாவைக் கேட்கிறாள். ருத்ரன் அதைக் கொடுக்கிறான். படத்தின் தர்க்கப்படி இது கொலையல்ல, விடுதலை. இனிப் பிறவி வேண்டாம் என்ற வரம். அம்சவல்லியாக நடித்த பூஜா ஒப்பனையால் குருடாக்கப்பட்டவர். 2008-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் இந்தப் படத்துக்கு டைரக்‌ஷனோடு ஒப்பனைக்கும் விருது கிடைத்தது, நியாயமான விருதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இப்படிப்பட்ட உயிர் முடிந்துபோவதே கருணை என்ற தீர்ப்பு ஒப்பனை உடலின்மேல் நிறைவேற்றப்படுகிறது. அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியமாக இரண்டு மணி நேரம் நம் முன் நிறுத்தப்பட்டிருப்பவை ஒப்பனை இல்லாத உடல்கள். தாங்கள் இருப்பது வீண் என்று நிரூபிக்க அவர்களே தங்கள் உடம்பைக் கடன் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் படத்தில் தாங்கமுடியாதது ரத்தமோ சித்திரவதையோ அல்ல, இதுதான்.

நண்பர் ஒருவர், கவிஞர், இதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டார். “அப்ப கலைக்கு எல்லை போடணுங்கறீங்களா? பஸோலினியையும் தடை பண்ணுவீங்களா?” தடையை நான் கேட்கவில்லை. பஸோலினியின் ‘ஸாலோ’ (1975) இதைவிடப் பல மடங்கு கொடூரமானது; பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. அங்கே பாதிக்கப்பட்டவர்களாக நடித்தவர்கள் ஷூட்டிங் முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இங்கே ஆர்யாவும் பூஜாவும் கழுவிக்கொள்ளலாம். மற்றவர்கள் அதே உடம்போடு பஸ் ஏறவேண்டும். கத்தரிக்கோலால் இதைச் சரிசெய்ய முடியாது. வெட்டினால் அவர்கள் திரையில் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அவர்களைக் காட்டக்கூடாது என்பதும் என் கட்சி இல்லை. தமிழ் சினிமா அவர்களை முகமில்லாத கூட்டமாகத்தான் வைத்திருந்தது. பாலா பக்கத்தில் போய்ப் பார்த்தார். அவர்கள் பேச்சையும் பொறாமையையும் விளையாட்டையும் காட்டிய பகுதிகள் அசலானவை. 1961-ல் ழாக் ரிவெத் ஒரு கட்டுரையில், ‘கப்போ’ படத்தில் மின்கம்பியில் விழுந்து செத்த பெண்ணை நோக்கி நகர்ந்து கோணம் சரிசெய்துகொண்ட ஒரே ஒரு காமிரா அசைவுக்காக டைரக்டரை வெறுக்கத்தக்கவர் என்றார். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ‘நான் கடவுள்’ அவ்வளவு சுலபமாக விலக்கிவிடக்கூடிய படமும் இல்லை. கூட்டத்தோடு ஒருவராக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காமிரா, கடைசியில் ருத்ரனின் கண்ணால் அவர்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அம்சவல்லி செத்ததும் படம் அவனோடு காசிக்குத் திரும்பிவிடுகிறது. மற்றவர்கள் மலைக்கோயிலில் இருக்கிறார்கள்.