தண்ணீர் வந்ததைச் சொல்லி விற்ற வீடு

சித்திரை மாதம் ஓடைப்பட்டிக்கு வருகிறவர்களுக்கு, ஊர்ப் பெயரில்தான் ஓடை தெரியும். மேகமலை அடிவாரத்தில் இருந்து இறங்கும் ஓடைகள் அந்த மாதத்தில் வெறும் மணலாகக் கிடக்கும். ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள், டிராக்டர் குறுக்கே போய் வரும். அப்படி ஒரு சித்திரையில்தான் அந்தத் திராட்சை விவசாயி, ஓடையோரம் இருந்த தன் தோட்டத்தையும் வீட்டையும் விற்க முடிவு செய்தார்.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம். கல்தூண் ஊன்றிப் பந்தல் போட்டு விதையில்லாத் திராட்சை வைத்திருந்தார். தோட்டத்துக்குள்ளேயே இரண்டு அறை, ஒரு திண்ணை, மொட்டைமாடி உள்ள வீடு. பந்தலுக்கு வாங்கிய கடன் வட்டியோடு நின்றது. மனைவிக்கு முழங்கால் வலி. கவாத்துக்கும் மருந்தடிப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. இரண்டு மகன்களும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார்கள். 'வித்துட்டு எங்களோட வந்துருங்க' என்று மூத்த மகன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

தரகர் ஒரு வாரத்திலேயே ஆளைக் கூட்டி வந்துவிட்டார். திருப்பூரில் இருபது வருடம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊர்ப்பக்கம் திரும்ப நினைத்தவர். சேமிப்பு கொஞ்சம், மனைவி நகை கொஞ்சம். கூடவே எழுபத்தைந்து வயது அம்மாவும் வந்திருந்தார். மகன் பந்தலையும் போர்வெல்லையும் பார்த்தார். அந்த அம்மா நேராக ஓடைப்பக்கம் போய் நின்றார்.

"இந்த ஓடையில தண்ணி வருமா தம்பி?"

விவசாயி வாய் திறப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டார். "எப்பவாச்சும் கணுக்கால் அளவு வரும்மா. பார்க்கவே அழகா இருக்கும்."

விவசாயி ஒன்றும் சொல்லவில்லை. விலை படிந்தது. முன்பணத்துக்கு நாள் குறித்தார்கள். ஓடையைப் பார்த்த அறையில் ஜன்னல் காற்று நன்றாக வருகிறது, அம்மாவுக்கு அதுவே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள்.

அன்று இரவு அவருடைய மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அந்தம்மா எந்த ரூம்ல படுக்கப் போகுதுன்னு கேட்டீங்கள்ல?"

அந்த ஐப்பசி ராத்திரி

மூத்த மகன் பத்தாம் வகுப்பு படித்த வருடம். ஐப்பசி மாதம். ஊரில் சின்னத் தூறல்கூட இல்லை. மலைமேல் மட்டும் சாயங்காலத்தில் இருந்து கறுத்துக் கிடந்தது. நடுராத்திரிக்கு மேல் மாடு கத்துகிற சத்தம் கேட்டு எழுந்து, கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். விளக்கைத் தேடுவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. நால்வரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். மூத்தவன் மட்டும் இறங்கிப் போய்க் கட்டுத்தறியில் ஒரு மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டான். இன்னொரு மாட்டிடம் போக முடியவில்லை. விடிந்தபோது ஓடையோரப் பந்தலில் பாதி சாய்ந்திருந்தது. வீட்டுச் சுவரில் ஜன்னல் விளிம்பு வரை சேற்றுக்கோடு.

அடுத்த தைக்குள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அதற்குப் பின் நான்கைந்து முறை ஓடையில் தண்ணீர் வந்தது, கரை ஏறவில்லை. மறந்தே போனது. மறப்பதற்கு வசதியாக ஓடையும் வறண்டே கிடந்தது.

மலையடிவார ஓடைகளின் சுபாவமே இதுதான். சரிவு அதிகம், நீர்பிடிப்புப் பகுதி மேலே இருக்கிறது. அங்கே கொட்டுகிற மழை சில மணி நேரத்தில் கீழே வந்துவிடும். வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று ஆற்றங்கரை மக்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறக்கிறார்கள். காட்டு ஓடைக்கு அணையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. இதோடு சீமைக்கருவேலம் அடைத்த ஓடை, குறுகலான குழாய்ப் பாலம், இரண்டு பக்கமும் நெருங்கி வந்த வேலி ஆகியவையும் சேர்ந்தால் தண்ணீர் பக்கவாட்டில்தான் ஏறும்.

2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் பெரியகாட்டுப்பாளையத்தில் வீடுகளை அடித்துச் சென்றது பெரிய ஆறு அல்ல, ஓடைத் தண்ணீர்தான். அடுத்த மாதமே சென்னையில் அடையாறு கரை புரண்டபோது, கோடையில் மனை பார்த்து வாங்கியவர்களின் வீடுகளில் முதல் தளம் வரை தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 'எங்க காலத்துல இங்க தண்ணி வந்ததே இல்லை' என்ற பேச்சை நம்பி வீடு வாங்கும் காலம் முடிந்துவிட்டது.

புலப்படத்தில் தெரிந்த இன்னொன்று

மறுநாள் காலையில் விவசாயி இ-சேவை மையத்துக்குப் போய்ப் பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல் மூன்றையும் எடுத்தார். விற்பனைக்கு எப்படியும் தேவைப்படும். எடுத்து வந்து திண்ணையில் விரித்தபோதுதான் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. படத்தில் ஓடைக்குத் தனி சர்வே எண். அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தது. படத்தில் இருந்த அகலம் தரையில் இல்லை.

அவருக்குக் காரணம் தெரியும். அவருடைய அப்பா காலத்தில் வேலியை ஓடைப்பக்கம் தள்ளி நட்டார்கள். எதிர்க்கரையிலும் அப்படித்தான். சர்வேயர் வந்து அளந்து கல் காட்டியபோது கணக்கு சரியாக வந்தது. 180 அடி நீளத்துக்கு 12 அடி. ஏறக்குறைய ஐந்து சென்ட். அதில் ஒரு வரிசைத் திராட்சை, இருபத்தைந்து கொடிகள். அந்த ராத்திரி வீட்டுக்குள் வந்த தண்ணீர், தன் இடத்தைத் தேடித்தான் வந்திருந்தது.

ஓடைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. விற்கவும் முடியாது. 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி எப்போது வேண்டுமானாலும் அகற்றலாம். இதை மறைத்து வேலி வரைக்கும் காட்டி விற்றால், வாங்குகிறவர் இல்லாத நிலத்துக்குக் காசு கொடுப்பார்.

வெள்ளம் வந்த விஷயமோ எந்தக் காகிதத்திலும் இல்லை. முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் அடமானம் தெரியும், கிரயம் தெரியும், வெள்ளம் தெரியாது. அது விற்கிறவர் நெஞ்சில்தான் இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதென்றால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்கிறது சட்டம். வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் இருக்கும் சேற்றுக்கோடு அப்படிப்பட்ட குறைதானா என்று வக்கீல்கள் வாதிடலாம். அவருடைய மனைவிக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

அவர் திருப்பூருக்குப் போன் செய்தார். "தம்பி, அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒருக்கா வந்துட்டுப் போங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

காட்டிய இடங்கள்

வந்தவர்களிடம் முதலில் கதவுக்குப் பின்னால் வெள்ளையடிக்காமல் விட்ட ஒரு முழம் சுவரைக் காட்டினார். சேற்றுக்கோடு அங்கே அப்படியே இருந்தது. பிறகு கட்டுத்தறிக்குப் பக்கத்தில் மூன்றடிக் குழி ஒன்றை வெட்டிக் காட்டினார். மேலே செம்மண். அதன் கீழ் அரையடிக்கு மணல். அதற்கும் கீழே வண்டல், மறுபடி மணல், அடியில் உருண்ட கூழாங்கல். உருண்ட கல் தண்ணீர் உருட்டி வந்த கல். மணலும் வண்டலும் மாறி மாறி வந்தால், ஒவ்வொரு அடுக்கும் ஒரு பழைய வெள்ளத்தின் கணக்கு. கடைசியாகப் புலப்படத்தைக் கொடுத்து, சர்வேயர் ஊன்றிய கல் வரைக்கும் நடந்து காட்டினார்.

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க வீட்டை நீங்களே கெடுக்குறீங்களேண்ணே."

திருப்பூர்க்காரர் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய அம்மாதான் கேட்டார். "மேல ரோட்டுப் பக்கம் ஒரு மூலை மேடா இருக்கே, அங்க தண்ணி வந்துச்சா?"

"அங்க வரலைம்மா. வீடு இருக்குற இடத்துக்கும் அதுக்கும் ஆறடி உசரம் இருக்கும்."

மறுபடி விலை பேசினார்கள். ஐந்து சென்ட் கணக்கில் இருந்து கழிந்தது. வீட்டுக்குப் போட்ட மதிப்பில் பெரும்பகுதி போனது. முன்பு பேசியதில் நான்கரை லட்ச ரூபாய் குறைந்தது. கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லையும் அளவுப்படி எழுதப்பட்டது. கடன் அடைந்தது. மகன்களுக்கு என்று நினைத்திருந்த பங்கில் பாதிதான் மிஞ்சியது.

மூத்த மகன் போனில் சத்தம் போட்டான். "யாருமே கேக்கலையேப்பா. நீங்க ஏன் சொன்னீங்க?"

"நீதானடா கயித்தை அறுத்துவிட்ட" என்றார் அவர்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் பேசவில்லை.

ஓடையோரம் வாங்க நினைப்பவர்களுக்கு

இடத்தைக் கோடையில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை பாருங்கள். ஒருமுறைதான் முடியும் என்றால் மழைக்காலத்தில் பாருங்கள். விற்பவரையும் தரகரையும் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். எதிர்க்கரைக்காரர், ஆடு மேய்ப்பவர், வயதான பெண்கள் ஆகியோரிடம் கேளுங்கள். 'தண்ணி வருமா' என்று கேட்டால் 'வராது' என்பார்கள். 'ரொம்ப வந்த வருஷம் எதுவரைக்கும் வந்துச்சு' என்று கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார்கள்.

புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்து, பக்கத்து சர்வே எண் ஓடையா, வாய்க்காலா, வண்டிப்பாதையா என்று பாருங்கள். வேலியை எல்லையாக நம்பாதீர்கள். விண்ணப்பித்து, சர்வேயரை வைத்து அளந்த பிறகு முன்பணம் கொடுங்கள். மேலே உள்ள பாலத்தின் கண்கள் அடைத்திருக்கிறதா, வேலிக்கம்பியிலும் மரக்கிளையிலும் பழைய சருகும் கந்தலும் சிக்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். அவை சிக்கியிருக்கும் உயரம்தான் தண்ணீர் வந்த உயரம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், படுக்கும் இடத்தை மேட்டில் வையுங்கள். பள்ளத்தைப் பயிருக்கு விடுங்கள். வண்டல் படிந்த மண் பயிருக்கு நல்லது. ஆனால் வேர்ப்பகுதியில் தண்ணீர் தேங்கினால் திராட்சை தாங்காது. வடிகால் எடுத்தே ஆக வேண்டும். உங்கள் எல்லைக்குள் கரையோரம் வெட்டிவேர், நொச்சி, புங்கன் வைத்தால் மண் அரிப்பு குறையும். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பழைய நீர்மட்டத்துக்கு மேல் மாட்டுங்கள். மாட்டை ஓடைப்பக்கம் கட்டாதீர்கள்.

வீட்டுக்குக் காப்பீடும் எடுக்கலாம். 2021 ஏப்ரலில் இருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற பாலிசியை ஒரே மாதிரி நிபந்தனைகளோடு தருகின்றன. வெள்ளத்தால் வரும் சேதம் அதில் அடங்கும். காப்பீடு கட்டடத்துக்கும் பொருளுக்கும்தான். அரித்துப் போன நிலத்துக்கு அதில் பணம் வராது.

விற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீர் எந்த வருடம், எந்த உயரத்துக்கு வந்தது என்று சொல்லுங்கள். விலை குறையும். ஆனால் நாளைக்கு வழக்கு என்று யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

ஓடைப்பட்டித் தோட்டத்தில் இப்போது ரோட்டோர மேட்டில் புது வீடு நிற்கிறது. பழைய வீட்டில் உர மூட்டையும் தெளிப்பானும் பழப்பெட்டியும் இருக்கின்றன. ஓடைக்குள் இருந்த இருபத்தைந்து கொடிகளையும் வெட்டிவிட்டு, வேலியைக் கல்லுக்குப் பின்னால் நட்டுவிட்டார்கள். எதிர்க்கரைக்காரர் இன்னும் தன் வேலியைத் தள்ளவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் விவசாயி ஒவ்வொரு ஐப்பசியிலும், டி.வி.யில் தேனி மாவட்ட மழைச் செய்தி வந்தால் திருப்பூர்க்காரருக்குப் போன் செய்கிறார். "அம்மா எங்க படுத்திருக்காங்க?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. "மேட்டு வீட்டுலதாங்கய்யா" என்று பதில் வரும்.

விற்ற நாளில் இருந்து இன்றுவரை அந்த ஓடையில் கரை தாண்டித் தண்ணீர் வரவில்லை. மூத்த மகன் அதை அவ்வப்போது சொல்லிக் காட்டுகிறான். "வராட்டி நல்லதுதானடா" என்று சொல்லிவிட்டு, அவர் மேற்கொண்டு பேசுவதில்லை.